வான்கோழி பர்கர் வறண்டு, ரப்பர் போல ஆகிறதென்றால்

500 கிராம் கொத்துக்கறிக்கு 3 மேசைக்கரண்டி பிரெட் தூளை அதே அளவு பாலில் ஊறவைத்துச் சேருங்கள், கூடவே 1 மேசைக்கரண்டி எண்ணெய். பர்கரின் வறட்சி இதிலேயே பெருமளவு போய்விடும்.

ரப்பர் போல இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புதான். கறியோடு உப்புப் போட்டுப் பிசைந்தால் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சாசேஜ் மாதிரி இறுகிவிடும். வட்டமாகத் தட்டி, கல்லில் போடும் முன் மேலே மட்டும் தூவுங்கள். அழுத்திப் பிசையவே வேண்டாம்.

பாக்கெட்டையும் பாருங்கள். வெறும் நெஞ்சுக்கறி என்றால் கொழுப்பு மிகக் குறைவு. தொடைக்கறி கலந்ததே நல்லது, ருசியும் அதில்தான்.

சாறு வேண்டுமென்று அரைவேக்காட்டில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகி, நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்குங்கள். நிறத்தை நம்ப முடியாது.