தூணில் வெடிப்பு, பில்டர் வெறும் பூச்சு என்கிறார்: யாரிடம் போவது?

கேள்வி: சென்னைப் புறநகரில் 42 வீடுகள் உள்ள எங்கள் அடுக்ககத்தில் சாவி வாங்கி நாலே முக்கால் வருடம் ஆகிறது. கார் பார்க்கிங்கில் மூன்று தூண்களில் வெடிப்பு, ஒன்றில் துருப்பிடித்த கம்பியே தெரிகிறது. "பூச்சு வெடிப்புதான், வாரண்டியும் ஒரு வருடத்தோடு முடிந்தது" என்கிறார் பில்டர். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பணி நிறைவுச் சான்றிதழ் தந்த கட்டடம் இது. என்ன செய்வது?

பதில்: அந்த ஒரு வருட வாரண்டியை மறந்துவிடுங்கள். 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத்தரக் குறையையோ நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும், தவறினால் இழப்பீடு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் மேலே நிற்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, 5 வருடத்துக்குள் முடிய வேண்டியது வழக்கு அல்ல, அறிவிப்பு. எனவே இந்த வாரமே சங்கத்தின் பெயரிலும், முடிந்தால் ஒவ்வொரு உரிமையாளர் பெயரிலும் (சாவி தந்த தேதி வீட்டுக்கு வீடு மாறும்), எந்தத் தூணில் என்ன குறை என்று போட்டோவோடு டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். முன்பே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள், பாரதிய சாட்சிய அதிநியமம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றோடு அதுவும் சாட்சியம்தான். அப்புறம், பில்டர் ஆள் அனுப்பிப் பூசி மறைக்க விடாதீர்கள். உங்கள் செலவில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை வைத்து, அவர் சொல்லும் இடத்தில் மட்டும் கோர் (துளைத்தெடுக்கும் கான்கிரீட் மாதிரி) எடுத்துச் சோதியுங்கள். அவசரத்துக்கு நீங்களே தூணைத் துளைக்க வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்), உயரம், பார்க்கிங் எல்லாம் அனுமதித்த வரைபடப்படி இருக்கிறதா என்று பார்த்துத் தருவது, கான்கிரீட்டின் பலத்துக்கு அத்தாட்சி இல்லை. பலத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர், அவருக்குச் சம்பளம் தருபவரோ பில்டர்! 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள், மிச்சம் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2019-ல் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வந்தன. ஆனால் ரெராவின் 31-ம் பிரிவில் புரமோட்டர் (அதாவது பில்டர்), வாங்கியவர், ஏஜென்ட் மீதுதான் புகார் கொடுக்கலாம், கையெழுத்துப் போட்ட பொறியாளர் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தை எங்கே திருத்த வேண்டும் என்று கேட்டால் நான் இங்கேதான் விரல் வைப்பேன், கூடவே பில்டரிடம் காசு வாங்காத இன்னொரு பொறியாளரின் சரிபார்ப்பும் கட்டாயமாக வேண்டும். இப்போதைக்கு, கையெழுத்துப் போட்ட பொறியாளரைப் பதிவு செய்த அதிகாரியிடம் அவர் மீது தனியாக மனு கொடுக்கலாம்.

ரெராவின் பிரிவு 19(5)-ன்படி கட்டட வரைபடங்களையும் ஆவணங்களையும் பில்டரிடம் எழுதிக் கேளுங்கள், மறுத்தால் சிஎம்டிஏவிடம் ஆர்டிஐ. 30 நாள் கழிந்தும் அசையவில்லையா, பழுதுபார்க்க உத்தரவு கேட்டு தமிழ்நாடு ரெரா ஆணையத்திடமும், இழப்பீடு கேட்டு அதே சட்டத்தில் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பு அலுவலரிடமும் தனித்தனியாக மனுப் போடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கேட்காதீர்கள், அலைய விடுவார்கள். அதுவரை அந்த மூன்று தூண்களைச் சுற்றி வண்டி நிறுத்த வேண்டாம், முட்டுக் கொடுக்க வேண்டுமா என்று இன்ஜினீயரிடம் இன்றே கேளுங்கள்.