ஒரே மண், இரண்டு திராட்சை: ஷாப்லியும் சான்செரும்

உணவகத்தில் ஷாப்லி கேட்டேன். தீர்ந்துவிட்டது என்று சான்செர் கொண்டுவந்தார்கள். இரண்டும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின்தானே, அப்படியென்ன வித்தியாசம்? (பாரிஸ் வாசகர்)

திராட்சையே வேறு. ஷாப்லி, சான்செர் இரண்டும் பிரான்ஸின் ஊர்ப் பெயர்கள். ஷாப்லி முழுக்க ஷார்டனே என்ற திராட்சை. வெள்ளைச் சான்செர் முழுக்க சோவினியோன் பிளாங். லேபிளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. அதனால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சோவினியோன் வாசனை மிகுந்த திராட்சை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதுமே பம்பளிமாஸ் தோல், அப்போதுதான் வெட்டிய புல், கொஞ்சம் பச்சைக் குடைமிளகாய் என்று வரிசையாக வரும். குடைமிளகாய் வாடைக்குக் காரணம் மெத்தாக்ஸிபைரசின் என்ற சேர்மம். பழம் முற்ற முற்ற, வெயில் படப் பட அது குறையும். ஆகவே குளிர்ந்த ஆண்டின் சான்செரில் பச்சை வாடையும், வெப்பமான ஆண்டில் பழ வாசனையும் தூக்கலாக இருக்கும். பம்பளிமாஸ் வாசனை வரும் வழி வேறு. அதைத் தரும் கந்தகச் சேர்மங்கள் சாற்றில் வாசனையில்லாமல் கட்டுண்டு கிடக்கும். நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அவற்றை விடுவிக்கிறது. பழ வாசனையை இனிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி இப்படிப்பட்ட டிரை (இனிப்பில்லாத) ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் வரைதான் சர்க்கரை இருக்கலாம். புளிப்பு அதிகமானால் 9 கிராம் வரை விலக்கு உண்டு.

ஷார்டனேக்கு அவ்வளவு வாசனை கிடையாது. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், ஈரச் சுண்ணாம்பு, அவ்வளவுதான். மூக்கை மட்டும் நம்பினால் ஷாப்லி தோற்றுவிடும். அதை வாயில்தான் எடைபோட வேண்டும்.

அங்கே வேலை செய்வது ஒயின் தயாரிக்கும் நிலவறையில் எடுக்கும் ஒரு முடிவு. ஷாப்லியில் ஏறக்குறைய எல்லோரும், ஈஸ்ட் தன் வேலையை முடித்தபின் பாக்டீரியாவைத் தடுப்பதில்லை. அது மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும். ஆப்பிள்காயின் கூரிய புளிப்பு போய், தயிரில் உள்ள மென்மையான புளிப்பு வரும். சான்செரில் பலர் தொட்டியைக் குளிர்வித்து, சல்ஃபர் டை ஆக்சைடு சேர்த்து இதை நிறுத்திவிடுவார்கள். வாசனை புதிதாகவே நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். விளைவு நாக்கில் தெரியும். சான்செரின் புளிப்பு ஓரங்களில் சுருக்கென்று ஏறி, எச்சில் ஊறவைத்து, சீக்கிரம் அடங்கும். ஷாப்லி நடுநாக்கில் நிதானமாகப் பரவி, விழுங்கியபின் லேசாக உப்புக் கரிப்பது போல நீளும்.

ஷாப்லி மண்ணில் சிப்பி இருப்பதால்தான் அதில் கடல் சுவை வருகிறது என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

சிப்பி இருப்பது உண்மை. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிம்மெரிஜியன் சுண்ணக் களிமண் அது. நகத்தளவே உள்ள எக்ஸோஜைரா விர்குலா என்ற சிப்பியின் புதைபடிவங்கள் அதில் நிறையக் கிடைக்கும். ஆனால் வேர் அந்தச் சுவையை உறிஞ்சி ஒயினில் சேர்ப்பதில்லை. மண் தீர்மானிப்பவை வேறு: எவ்வளவு நீர் தங்கும், எவ்வளவு வடியும், கொடி எவ்வளவு செழிக்கும், பழம் எப்போது முற்றும்.

இதே கிம்மெரிஜியன் மண் சான்செரிலும் இருக்கிறது. அங்கே அதை ‘தேர் பிளான்ஷ்’ என்பார்கள். இரண்டு ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஷாப்லி சேர்ந்திருக்கும் பர்கண்டிப் பகுதியின் மையமான போன் (Beaune) நகரத்தைவிட, லுவார் நதிக்கரையின் சான்செர்தான் ஷாப்லிக்குப் பக்கம். மண்தான் சுவை என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்! தேர் பிளான்ஷ் சான்செர் மற்ற சான்செரைவிடக் கொஞ்சம் கனமாகவும் நிதானமாகவும் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சக்கிமுக்கிக் கல் நிலத்துச் சான்செரோ இறுக்கமாக, திறப்பதற்கு நேரம் கேட்கும்.

இரண்டையும் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க எப்படி ஏற்பாடு செய்வது?

ஒரே ஆண்டின் போத்தல்களாக எடுங்கள். ஷாப்லியில் தரத்தில் கீழிருந்து மேலாக நான்கு படிகள்: பெத்தி ஷாப்லி, ஷாப்லி, பிரமியே குரு, கிராண்ட் குரு. இரண்டாவது படி போதும். மேல்படிகளில் சிலர் ஓக் பீப்பாயைப் பயன்படுத்துவார்கள். அந்த வெனிலா வாடை ஒப்பீட்டைக் குழப்பும். சான்செரும் பீப்பாயில் வைக்காததாக இருக்கட்டும்.

பெரும்பாலும் பிழை நடப்பது குளிரில்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் 4, 5 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழாது, புளிப்பு மட்டும் குத்தும். அதனால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எடுத்து 20 நிமிடம் வெளியே வைத்து, 10 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள். அறைவெப்பத்தில் இருக்கும் போத்தலைக் குளிர்விக்க, வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் போட்டு 25 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸில் இடைவெளி இருப்பதால் போத்தலை முழுக்கத் தொடாது, நேரம் கூடும்.

வாய் குறுகிய ஒரே மாதிரிக் கிண்ணங்களில் 60 மில்லி வீதம், எது எது என்று தெரியாதபடி வேறொருவர் ஊற்றட்டும். முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி. ஒரு மிடறை 5 விநாடி வாயில் உருட்டி, விழுங்கியபின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் மட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஷாப்லி அதற்குள் 12 டிகிரியை நெருங்கி விரிந்திருக்கும். முதல் தீர்ப்பு மாறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க்கின் கோளாறு. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள். எரிந்த தீக்குச்சி வாடை என்றால் நாலு சுழற்றில் போய்விடும்.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு எது சேரும்?

உப்பும் மஞ்சளும் போட்ட மீன் பொரியல், தேங்காய்ப் பால் சொதி, அவித்த இறால் என்றால் ஷாப்லி. கொத்தமல்லி, புதினா, பச்சைக் காய்கறி என்றால் சான்செர். அதன் பச்சை வாசனை அவற்றோடு கைகோத்துப் போகும். சான்செர்ப் பகுதியின் ஷவிஞோல் ஆட்டுப்பால் சீஸையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள், இதைவிடப் பொருத்தமான ஜோடி குறைவு. புளி கரைத்த காரமான மீன் குழம்புக்கு இரண்டுமே வேண்டாம். மதுச்சத்து மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். புளியின் முன்னால் ஒயினின் புளிப்பு அடங்கிச் சப்பென்றாகிவிடும்.

பூயி ஃப்யூமே, பூயி ஃபுய்ஸே இரண்டும் ஒன்றா?

இல்லை. ஃப்யூமே, சான்செருக்கு ஆற்றின் மறுகரையில் விளையும் சோவினியோன். ஃபுய்ஸே, பர்கண்டியின் தென்கோடியான மாகோனே பகுதியின் ஷார்டனே. சான்செர் பிடித்தவர்கள் ஃப்யூமே வாங்கலாம். ஷாப்லி பிடித்தவர்களுக்கு ஃபுய்ஸே கொஞ்சம் கொழுகொழுப்பாகத் தோன்றும்.

போத்தலின் அடியில் கண்ணாடித் துகள் போல ஏதோ கிடக்கிறது. குடிக்கலாமா?

அது டார்டரிக் அமிலத்தின் உப்பு. ஒயின் குளிரும்போது படிகமாகிறது. தீங்கில்லை. கடைசி விரற்கடை ஒயினை ஊற்றாமல் விட்டுவிடுங்கள். மீதமிருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சான்செரை இரண்டு நாளில் முடிப்பது நல்லது, வாசனை முதலில் போவது அதில்தான். ஷாப்லி மூன்றாம் நாளும் தாங்கும்.