நோவிக்கு வந்திருக்கும் தம்பிக்கு, பிஸ்டன்ஸ் பேச்சில் சேர்வது பற்றி

டெட்ராய்ட் பக்கம் நோவியில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி கேட்டிருந்தார். கார் உதிரிபாக நிறுவனம், வேலையில் பிரச்சினை இல்லை, மதியச் சாப்பாட்டு நேரம்தான் சங்கடம் என்கிறார். டீமில் எல்லோரும் டெட்ராய்ட்டின் கூடைப்பந்து அணியான பிஸ்டன்ஸைப் பற்றியும், டிபான்ட்சா, பீட்டர்சன், பூசர் என்று சில காலேஜ் பையன்களைப் பற்றியும் விடாமல் வாதாடுகிறார்களாம். இவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அவருடைய கேள்விகள் மூன்று: இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது காலேஜ் பையன்களைப் பற்றி இவர்களுக்கு என்ன கவலை? மேட்ச் பார்க்க பாருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் குடிக்கமாட்டேன், போகலாமா?

தம்பி, கற்றுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒட்டிக்கொள்வதற்காக மட்டும் சொல்லவில்லை. மிச்சிகன்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது இந்தப் பேச்சில்தான். நேராகக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று முடித்துக்கொள்வார்கள். பிஸ்டன்ஸைப் பற்றிக் கேளுங்கள், அப்பா வேலை பார்த்த ஆலை மூடியதுவரை வந்துவிடும்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஐபிஎல் ஏலத்தில் பையில் பணம் இருக்கிற அணி கையைத் தூக்கலாம். பிஸ்டன்ஸ் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் புது ஆட்டக்காரரை அப்படி எடுக்க முடியாது. ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும். அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. ஆனால் வேண்டுமென்றே தோற்று முதல் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக முன்வரிசையைக் குலுக்கிப் போட லாட்டரி வைத்திருக்கிறார்கள். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவு, தலா 14 சதவீதம். எல்லாரையும்விட மோசமாக ஆடிய அணிகூட ஐந்தாம் இடம்வரை சரியலாம். இந்த ஐந்தாம் இடத்தை நினைவில் வையுங்கள், டெட்ராய்ட்காரர்களுக்கு அது ஆறாத புண்.

இன்னொரு விதி: பள்ளி முடித்த கையோடு என்பிஏவுக்குப் போக முடியாது. வயது 19 ஆக வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதனால் நாட்டின் மிகச் சிறந்த பையன்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வருஷம் ஏதாவதொரு காலேஜில் ஆடிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வருஷத்தில் முப்பது சொச்சம் ஆட்டம். அதை வைத்துத்தான் இவன் அடுத்த பதினைந்து ஆண்டுக்குத் தேறுவானா மாட்டானா என்று நாடு முழுக்க வாதம். யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால்தான் எல்லோராலும் கலந்துகொள்ள முடிகிறது. உங்களாலும் முடியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஜெயிக்கிற அணியின் ரசிகர்கள் ஏன் இன்னும் காலேஜ் பையன்களையே பேசுகிறார்கள்? அதற்கு 2023-24 சீசனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு பிஸ்டன்ஸ் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றது. ஒரே சீசனுக்குள் இத்தனை தொடர் தோல்வி என்பிஏ வரலாற்றில் வேறு எந்த அணிக்கும் இல்லை. டிசம்பர் 26 அன்று சொந்த ஊரில் புரூக்ளினிடம் 27-ஆவது தோல்வி. அன்றைக்கு அணியின் முதன்மை ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் தனியாளாக 41 புள்ளி எடுத்தும் போதவில்லை. அடுத்தது பாஸ்டனில், 21 புள்ளி முன்னால் இருந்துவிட்டு ஓவர்டைமில் தோல்வி. அந்த நாட்களில் சொந்த ஊர் அரங்கத்தில் இருந்தவர்கள் அணியை விற்றுவிடு என்று முதலாளியைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். டிசம்பர் 30-இல் டொரான்டோவை 129-127 என்று ஜெயித்தபோது எங்கள் தெருவில் கோப்பை வாங்கியதுபோல் கத்தினார்கள். சீசன் முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியதெல்லாம் அடுத்த ஜூனில் யார் வருவான் என்பதுதான். இன்றைய அணியில் பிடிக்க ஒன்றும் இல்லாதபோது நாளைய பையனைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் லாட்டரியில் என்ன நடந்தது? ஐந்தாம் இடம். அதற்கு முந்தைய ஆண்டும் லீகிலேயே கடைசி, அப்போதும் ஐந்தாம் இடம். அந்த 2023 லாட்டரியில் முதல் பரிசு, எல்லா அணிகளும் ஏங்கிய பிரெஞ்சுப் பையன் வெம்பன்யாமா என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

பழைய காயங்களும் உண்டு. 2003-இல் இரண்டாவது தேர்வு கையில் இருந்தது. பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவேன் வேட் எல்லோரும் மிச்சம் இருக்க, சோபிக்காமலே போன டார்கோ மிலிசிச்சை எடுத்தார்கள். மறு ஆண்டே கோப்பையை வென்றதால் அந்த வலி கொஞ்சம் தணிந்தது. 2015-இல் ஸ்டான்லி ஜான்சனை எட்டாவதாக எடுத்தார்கள். 13-ஆவதாகப் போய் நட்சத்திரமான டெவின் புக்கர் இதே மிச்சிகனில் கிராண்ட் ராப்பிட்ஸில் பிறந்தவர். 2020-இல் கில்லியன் ஹேஸை ஏழாவதாக எடுத்தார்கள். பிறகு நட்சத்திரமான டைரீஸ் ஹாலிபர்ட்டன் 12-ஆவதாகப் போனார். உங்கள் டீமில் யாராவது ஒரு பையனைப் பற்றி மேசையைத் தட்டிப் பேசுகிறார் என்றால், இந்தப் பட்டியல் அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்ப்பவர் பேச்சு இல்லை அது, ஏமாந்தவர் பேச்சு.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். 2024-25-இல் புதுப் பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார், வெற்றி 14-இலிருந்து 44 ஆனது. சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் நியூயார்க்கை அவர்கள் ஊரிலேயே இரண்டாவது ஆட்டத்தில் வென்றது 2008-க்குப் பிறகு கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி. நான்காவது ஆட்டத்தின் கடைசி நொடியில் டிம் ஹார்டவே ஜூனியர் எறிந்தபோது ஃபௌல் கொடுத்திருக்க வேண்டும் என்று நடுவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒரு புள்ளியில் போனது அந்த ஆட்டம், ஆறு ஆட்டத்தில் தொடரும் நியூயார்க்குக்குப் போனது. 2025-26 சீசன் தொடக்கத்திலேயே 13 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, அணியின் பழைய சாதனையைத் தொட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நான் எங்கள் மேசையில் விடாமல் சொல்வேன். இந்த மாற்றம் முதல் தேர்வால் மட்டும் வரவில்லை. கேட் 2021-இன் முதல் தேர்வு, உண்மை. ஆனால் ஜேலன் டூரன் 13-ஆவது. ஐசையா ஸ்டூவர்ட் 16-ஆவது. அவுசார் தாம்சன் அந்தச் சபிக்கப்பட்ட ஐந்தாம் இடத்தில் வந்தவர், காலேஜ் வழியாக வரவே இல்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை அவர் மறித்து நிற்பதைப் பாருங்கள், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் ஒரு கால்மணி நேரம் பாருங்கள். டங்கன் ராபின்சன் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2018 டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. இன்றைக்கு அணிக்குத் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கான த்ரீ பாயின்டர் எறிய ஆள் வேண்டும் என்றால் அவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். தடுப்பாட்டத்தில் இந்த அணி யாருக்கும் இளைத்ததில்லை. தூரத்திலிருந்து எறிவதுதான் இன்னும் குறை, பிளேஆஃபில் அது கடிக்கும் என்பது என் பயம்.

காலேஜ் பையன்களைப் பொறுத்தவரை, 2026 டிராஃப்டுக்கு மூன்று பேரைச் சுற்றித்தான் வாதம். ஏஜே டிபான்ட்சா, மாசசூசெட்ஸ்காரர், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறார். நல்ல உயரம், தாவல், தானே வழி உண்டாக்கி எறிவார். டரின் பீட்டர்சன், ஒஹையோ கான்டன் ஊர்க்காரர், கேன்சஸில் இருக்கிறார். எறியும் கை மிக அழகு, ஆனால் சீசன் தொடக்கத்தில் தொடைத் தசை வலியால் பல ஆட்டங்களில் இறங்கவில்லை. கேமரன் பூசர் டியூக்கில். அப்பா கார்லோஸ் பூசரும் அதே டியூக்கில் ஆடி என்பிஏவுக்குப் போனவர். என் வாக்கு பூசருக்குத்தான். அவருக்கு எகிறும் வேகம் குறைவு, உயரமான எதிராளிகளிடம் திணறுவார் என்கிறார்கள். இருக்கட்டும். பந்து கையில் வருவதற்கு முன்பே அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரிந்து ஆடுகிற பையன் எந்த அணியிலும் பிழைத்துக்கொள்வான். என் பக்கத்து இருக்கைக்காரர் டிபான்ட்சா பக்கம். எங்களுக்குள் இது ஜூன்வரை ஓடும்.

இந்த மூவரில் யாரும் டெட்ராய்ட்டுக்கு வரப்போவதில்லை, ஜெயிக்கிற அணிக்கு முன்வரிசை கிடைக்காது. ஆனாலும் பேசுவார்கள், ஏனென்றால் இங்கே காலேஜ் விசுவாசம் தொழில்முறை அணியைவிட ஆழமானது. மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட் இரண்டும் வேறு வேறு பல்கலைக்கழகங்கள். நீலமும் மஞ்சளும் ஆன் ஆர்பர், பச்சை ஈஸ்ட் லான்சிங். ஒரே வீட்டில் அண்ணன் பச்சை, தம்பி நீலம் என்று இருப்பார்கள். டாம் இஸ்ஸோ 1995 முதல் பச்சை அணியின் தலைமைப் பயிற்சியாளர். 2000-இல் அவர் வென்ற காலேஜ் கோப்பையின் முதுகெலும்பு ஃபிளின்ட் நகரத்துப் பையன்கள். என் பக்கத்து இருக்கைக்காரரும் ஃபிளின்ட்காரர்தான். கார் ஆலைகள் போன பிறகு, குடிநீரே நஞ்சான பிறகு, அந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் இரக்கத்தோடு மட்டும்தான் பேசுகிறார்கள், எங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அந்த அணி இருக்கிறது என்று அவர் சொன்னதற்குப் பிறகுதான் இந்த ஆட்டத்தை நான் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

சில விஷயங்களில் கவனமாக இருங்கள். இந்தப் பையன்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. கை நீளம், உடம்பு வாகு என்று சந்தையில் பார்ப்பதுபோல் பேசுவார்கள், எனக்கு இன்றும் அது உறுத்தும். பக்கத்து இப்சிலான்டி ஊர்ப் பையன் எமோனி பேட்ஸை 15 வயதிலேயே ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகை அட்டையில் போட்டது. கடைசியில் 2023 டிராஃப்டில் 49-ஆவதாகத்தான் போனார். அவரைப் பற்றி ஊரில் கேலியாகப் பேசினால் சேர்ந்து சிரிக்காதீர்கள். அந்தப் பாரத்தை அவன் தலையில் ஏற்றியது பெரியவர்கள். அதேபோல, ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நிறத்தை வைத்தோ, "இவங்களுக்கு இது பிறவியிலேயே வரும்" என்றோ ஒரு வார்த்தை தமிழில்கூட வேண்டாம். கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டு அப்புறம் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவது நியாயமும்கூட.

எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஒரு பையனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் ஸ்டேட்டின் ஜெரமி ஃபியர்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து அணியை நடத்துகிறார். அவர் ஆடும் ஆட்டத்தை மார்ச்வரை விடாமல் பாருங்கள். மதிய மேசையில் பையன்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் துண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். முழு ஆட்டம் பார்த்தவர் மெதுவாக ஒரு வரி சொன்னாலும் கேட்பார்கள். மார்ச்சில் 68 காலேஜ் அணிகளின் போட்டி வரும், யார் ஜெயிப்பார் என்று கட்டம் நிரப்பும் தாளை உங்களிடமும் நீட்டுவார்கள். நிரப்புங்கள். காசு வைத்து ஆடுகிறார்கள் என்றால் மட்டும் உங்கள் நிறுவன விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், விசாவில் இருப்பவர்கள் இதில் கொஞ்சம் பார்த்து நடப்பது நல்லது.

நேரில் பார்க்க ஆசை வந்தால் முதலில் மோட்டார் சிட்டி குரூஸ் ஆட்டத்துக்குப் போங்கள். பிஸ்டன்ஸின் இளநிலை அணி அது, வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் ஆடுகிறார்கள். கூட்டம் குறைவு, டிக்கெட் மலிவு, பயிற்சியாளர் கத்துவதே காதில் விழும்.

பாருக்குத் தாராளமாகப் போங்கள். குடிப்பது கட்டாயம் இல்லை. சோடாவில் எலுமிச்சை போட்டுக் கேட்டால் கொடுப்பார்கள், என்ன குடிக்கிறாய் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். கோழி சாப்பிடுவதாக இருந்தால் விங்ஸ், இல்லையென்றால் உருளை வறுவல். எல்லோரும் தனித்தனிப் பில் வாங்குவது வழக்கம், வந்து உட்கார்ந்ததுமே தனியாக என்று சொல்லிவிடுங்கள், பரிமாறுகிறவருக்கு 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். யாராவது வீட்டுக்கு வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இருந்தால் குடிக்காத நீங்கள்தான் அன்றைக்கு அவர்களுக்குப் பெரிய உதவி. முதல் பாதி முடிந்து இடைவேளை வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: "2021-இல் கேட்டை எடுத்தது சரியா, இல்லை இவான் மோப்லியை எடுத்திருக்கலாமா?" மோப்லி இன்று கிளீவ்லாந்தில் இருக்கிறார், 2024-25-இன் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். இரண்டாம் பாதி முடியும்வரை பேச ஆள் கிடைத்துவிடும்.