ஃப்ளூ காய்ச்சலில் ஒரு தடவை வலிப்பு வந்தால் ஸ்கேன் எடுக்கணுமா?

"என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. ஃப்ளூ வந்து 103 டிகிரி காய்ச்சல் அடித்தபோது கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. இப்போது நன்றாக ஓடியாடுகிறான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுத்து, இரண்டு வருடம் வலிப்பு மருந்தும் கொடுக்கச் சொல்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?"

- வாசகி, தாராபுரம்

வைக்காதீர்கள் அம்மா.

இது காய்ச்சல் வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். வைரஸ் மூளைக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வயது மூளைக்குச் சூடு தாங்காது, அவ்வளவுதான். நீங்கள் பாராசிட்டமால் தாமதமாகக் கொடுத்ததாலும் வரவில்லை. அது ஜுரத்தைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்காது. மூன்றில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்பவும் வரலாம். அப்போது சாவியைக் கையில் திணிக்காமல், வாயில் கரண்டி வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

இப்போது ஸ்கேன் விஷயம். இப்படி ஒரே ஒரு தடவை, சில நிமிடத்தில் நின்றுபோன வலிப்புக்கு எம்.ஆர்.ஐ.யும் வேண்டாம், இ.இ.ஜி.யும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011லேயே எழுதிவைத்துவிட்டது. ஆனால் இங்கே சீட்டிலேயே ஸ்கேன் சென்டர் பெயர் அச்சாகி வருகிறது. "அங்கேதான் எடுக்கணும்" என்று யாராவது அழுத்திச் சொன்னால், அதில் ஒரு பங்கு எங்கோ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாதென்று 2002லிருந்து விதி இருக்கிறது. விதி இருந்து என்ன செய்ய? ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை ஸ்கேனுக்குள் அசையாமல் கிடக்காது, மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. இரண்டு வருட வலிப்பு மருந்தும் அப்படியே, தேவையில்லை. வால்ப்ரோயேட் என்று எழுதியிருந்தால், அது இரண்டு வயதுக்குக் கீழே ஈரலைக் கெடுக்கக்கூடிய மருந்து. அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் ஓ.பி.யில் காட்டி இன்னொரு கருத்துக் கேளுங்கள். கூட்டம் இருக்கும், உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். விளக்க நேரமில்லாததால் டெஸ்ட் எழுதித் தள்ளுவது எங்கள் மருத்துவர்களின் வழக்கமாகிவிட்டது, விடாமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். வலிப்பு நின்றபின் பிள்ளை அரை மணி, ஒரு மணி நேரம் அசந்து தூங்குவது சகஜம். அதன்பிறகும் எழுப்பினால் எழவில்லை, எழுந்தாலும் உங்களைத் தெரியவில்லை, வாந்தி நிற்கவில்லை, திரும்ப இழுக்கிறது என்றால் கதையே வேறு. ஃப்ளூவில் அபூர்வமாக, காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாளிலேயே மூளை வீங்கிவிடும். வைரஸை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் கொந்தளிப்பே மூளையின் நடுப்பகுதியை இரு பக்கமும் கெடுத்துவிடும். இதை ஜப்பானில் பிள்ளைகளிடம் முதலில் அடையாளம் கண்டார்கள். தூக்கம்தானே, காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கு மட்டும் யார் கமிஷன் வாங்கினாலும் வாங்கட்டும், ஸ்கேனை உடனே எடுங்கள்.