பழைய மொரிஸ் மைனருக்கு எந்த எஞ்சின் புளொக்?

கேள்வி: அப்பா ஓடிய 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரை மீண்டும் ஓட்டத்தில் விட விரும்புகிறேன். எஞ்சினைப் பிரித்தபோது, சிலிண்டர்கள் ஏற்கெனவே 40 ஓவர்சைஸ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு கூடுதல்) வரை போர் அடிக்கப்பட்டிருப்பதும், அதாவது குடைந்து அகலமாக்கப்பட்டிருப்பதும், நீர் ஓடும் அறைகளில் துரு மண்டிக் கிடப்பதும், ஒயிலில் தண்ணீர் கலந்திருப்பதும் தெரிந்தன. ஒரு மெக்கானிக் ஸ்லீவ் போடலாம், அதாவது சிலிண்டருக்குள் இரும்புக் குழாயை இறுக்கிப் பொருத்தலாம் என்கிறார். இன்னொருவர் கிண்ணியாவில் 1098 சிசி புளொக் ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொல்கிறார். மச்சானோ ஜப்பான் எஞ்சினை வைத்துவிடச் சொல்கிறார். பட்டினத்துக்கும் நிலாவெளிக்கும் போய்வருவதும், வருடத்தில் ஓரிரு தடவை கண்டிக்குப் போவதுமே என் தேவை. எதைத் தெரிவு செய்வது?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: கிண்ணியாவுக்குப் போவதற்கு முன் உங்களிடம் இருக்கும் புளொக்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஒயிலில் தண்ணீர் கலந்தது என்பதற்காகப் புளொக் வெடித்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஹெட் கேஸ்கட் (புளொக்குக்கும் அதை மூடும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடைப்பட்ட தகடு) எரிந்திருந்தாலும், சிலிண்டர் ஹெட்டில் கீறல் இருந்தாலும் அதே அடையாளம்தான் தெரியும். புளொக்கிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, வெல்ச் பிளக்குகளையும் (புளொக்கின் துளைகளை அடைக்கும் தகடுகள்) எடுத்துவிட்டு, காஸ்டிக் தொட்டியில் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். துருவும் எண்ணெய்க் கறையும் போகாத இரும்பில் எந்தச் சோதனையும் நம்பத்தக்கதல்ல.

கழுவிய புளொக்கில் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவினால், கீறலுக்குள் இறங்கிய எண்ணெய் மேலே கசிந்து மெல்லிய கோடாகத் தெரியும். சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட மேல்முகம், ஹெட் ஸ்ரட் துளைகளைச் சுற்றிய பகுதி, கிராங்க் தண்டு சுழலும் மெயின் பேரிங்குகளைத் தாங்கும் சுவர்கள் ஆகிய மூன்று இடங்களையும் பொறுமையாகப் பாருங்கள். ஆனால் இந்த முறை மேற்பரப்புக் கீறலை மட்டுமே காட்டும். நீர் அறைக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள சுவர் துருவால் உள்ளிருந்து அரிக்கப்பட்டிருந்தால் அதைக் கண்டறிய அழுத்தச் சோதனைதான் வேண்டும்: நீர் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சுடுநீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். நீர் சூடாக இருப்பது முக்கியம். குளிர்ந்த நிலையில் மூடிக்கிடக்கும் கீறல் சூட்டில்தான் திறக்கும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன், ஏனெனில் இதற்குப் பின் செலவழிக்கப்போகும் ஒவ்வொரு ரூபாயும் இதன் முடிவையே நம்பியிருக்கிறது.

சோதனையில் புளொக் தேறிவிட்டால் ஸ்லீவ் போடுவதே என் தெரிவு. உங்கள் காரின் 948 சிசி எஞ்சினில் சிலிண்டரின் மூல விட்டம் 62.9 மி.மீ. 40 ஓவர்சைஸ் என்பது ஏறக்குறைய 1 மி.மீ. கூடுதலாகும். அதற்கு மேல் போர் அடிப்பது சுவரை மெலிய வைக்கும் என்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை. ஸ்லீவ் போட்டால் மூல விட்டத்துக்கே திரும்பலாம், காரோடு வந்த எஞ்சின் இலக்கமும் மாறாது. ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் இறுக்கினால் பக்கத்துச் சிலிண்டரின் வட்டம் கெடக்கூடும், ஆகவே நான்குக்கும் ஒரேயடியாகப் போட்டு, அதன் பிறகே இறுதி அளவுக்குக் குடைந்து, மேல்முகத்தையும் சீவித் தரவேண்டும். பிஸ்டன்களைக் கையில் வாங்கிக்கொடுத்து, அவற்றை அளந்த பின்னரே குடையச் சொல்லுங்கள்.

புளொக் தேறாவிட்டால் 1098 சிசி நல்ல மாற்று. 1962 முதல் மொரிஸ் மைனருக்கே தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சின் அது. 948இன் 37 குதிரைவலுவுக்கு எதிராக 48 தருகிறது. ஆனால் 1098 என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் 1098 அல்ல. எஞ்சின் இலக்கத் தகடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டது, ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் அடித்துவிடலாம். ஆகவே அளவுகோலை நம்புங்கள். 1098இன் சிலிண்டர் விட்டம் குறைந்தது 64.58 மி.மீ. இருக்கவேண்டும், 64க்குக் குறைந்தால் அது 948தான். எல்லை மீறிக் குடையப்பட்ட 948 அந்த அளவை நெருங்கிவிடக்கூடும் என்பதால், கிராங்க் தண்டு உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரத்தையும் அளந்துவிடுங்கள்: 948இல் 76.2 மி.மீ., 1098இல் 83.7 மி.மீ.

மெயின் பேரிங் மூடிகள் மூன்றும் அதே புளொக்கின் மூடிகளாக இருக்கவேண்டும். அவை புளொக்கில் பூட்டப்பட்ட நிலையிலேயே ஒருசேரக் குடையப்பட்டவை. வேறொரு புளொக்கின் மூடியைப் பூட்டினால் கிராங்க் தண்டு நேராக உட்காராது. மூடி குறைந்த புளொக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். கிண்ணியாவில் அதன் கிளச்சும் கியர் பெட்டியும் கிடைத்தால் சேர்த்தே வாங்குங்கள், ஏனெனில் 1098இன் கிளச் பெரியது. பழைய 948 பெட்டியோடு இணைக்க முயன்றால் லேத் பட்டறைக்கு நடந்தே காலம் போகும்.

இதைவிட முக்கியமானது பிரேக். 1098 எஞ்சின் வந்தபோது முன்சக்கரப் பிரேக் டிரம்மின் அளவை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகக் கூட்டினார்கள். உங்கள் 1960 காரில் இருப்பது சிறிய டிரம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பாதையை நினைத்துக்கொண்டு, எஞ்சினை மாற்றும் அதே வேளையில் பிரேக்கையும் மாற்றுங்கள்.

1275 சிசி எஞ்சினும் இதே குடும்பம்தான். மொரிஸ் மரீனா, எம்ஜி மிட்ஜெட் போன்ற கார்களில் இருந்தது மைனருக்குப் பொருந்தும். மினி காரின் 1275ஐ வாங்கிவிடாதீர்கள். அது குறுக்குவாட்டில் அமர்ந்து, கியர் பெட்டியைத் தனக்கு அடியில் வைத்திருக்கும் எஞ்சின். அதன் கிராங்க் தண்டின் முனையே வேறு விதமானது. எப்படியாயினும், உங்கள் தேவைக்கு 1275 அதிகம் என்றே கருதுகிறேன்.

மச்சான் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. டட்சன் 1200இன் 1171 சிசி எஞ்சினுக்கு ஐந்து மெயின் பேரிங்குகள், மைனருக்கு மூன்றே மூன்று. உறுதியில் டட்சனே மேல். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் படுக்கைவாட்டு நான்கு சிலிண்டர் எஞ்சினை மனத்தில் வைத்திருந்ததால், பொனட்டுக்குக் கீழே தாராளமான இடமும் உண்டு. ஆனாலும் எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்டவேண்டும், புரொப்பெல்லர் தண்டின் நீளத்தை மாற்றவேண்டும். அப்பா ஓடிய கார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் புளொக்கோ 1098ஓ கைகொடுக்கும்வரை அந்த வேலைக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

எந்த எஞ்சினை மாற்றினாலும் வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கம் மாறும். வாங்கும்போதே விற்பவரிடமிருந்து எழுத்துமூல ஆவணத்தைப் பெற்று, பணம் கொடுக்குமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நடைமுறையை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: கடலோரத்தில் குடியிருக்கிறோம். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். புளொக் துருப்பிடிப்பதற்கு அதுதான் காரணமா?
– வாசகி, சல்லி

பதில்: பெரிதும் அதுதான். கடலோரக் கிணறுகளில் கலந்திருக்கும் உப்பு வார்ப்பிரும்பை விரைவாக அரிக்கும். கரைந்த துரு சேறாகி, நீர் மெதுவாக ஓடும் மூலைகளில் படிந்து, அங்குள்ள சிலிண்டரை மட்டும் அதிகம் சூடாக்கும். மேலே உவர்மலை வாசகருக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். வடித்த நீரும் கூலன்ற் திரவமும் சேர்த்து ஊற்றுங்கள். நம் வெயிலில் தண்ணீர் உறையப்போவதில்லை என்று சொல்லிக் கூலன்ற்றை வேண்டாம் என்பவர்கள் பலர். அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துதான் நமக்குத் தேவை, அதுவும் காலப்போக்கில் தீர்ந்துவிடும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றும்போது ரேடியேற்றரை மட்டும் வடித்துவிட்டு நிறுத்தாமல், புளொக்கிலுள்ள வடிகுழாயையும் திறந்து, அடைத்திருந்தால் கம்பியால் குத்திச் சுத்தப்படுத்துங்கள்.

கேள்வி: போர் அடித்து எடுத்த புளொக்கைப் பணம் சேரும்வரை சில மாதங்கள் வீட்டில் வைத்திருக்கலாமா?
– வாசகர், சீனக்குடா

பதில்: வைக்கலாம். ஆனால் புதிதாகக் குடைந்த சிலிண்டர் உப்புக் காற்றில் ஓரிரு நாளிலேயே செம்மை தட்டத் தொடங்கும். முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, சிலிண்டர்களிலும் மேல்முகத்திலும் கெட்டியான ஒயிலைத் தடவி, தடித்த பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, நிலத்தில் அல்லாமல் பலகைமேல் வையுங்கள். மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து மீண்டும் ஒயில் பூசுங்கள்.