செல்லாத ஓட்டு, சொல்லாத காரணம்

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் என் மகன் அமெரிக்கக் குடிமகன். அவன் தபாலில் அனுப்பிய ஓட்டுக்கு, ‘உறையிலுள்ள கையெழுத்து பொருந்தவில்லை’ என்று கவுண்டி (அங்குள்ள மாவட்டம்) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். கொதிக்கிறான். எனக்கு இதில் தவறொன்றும் தெரியவில்லை. காசோலைக்கு வங்கியில் கையெழுத்துப் பார்ப்பதில்லையா? கள்ள ஓட்டைத் தடுக்க வேறு என்ன வழி?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்

பதில்: கையெழுத்து வேறுபடுகிறது என்று நீங்கள் திருப்பி அனுப்பிய காசோலைகளுக்காக எத்தனை பேர் கவுன்டரில் வந்து உங்களோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்! மல்லுக்கட்டினார்கள், புதிதாக மாதிரிக் கையெழுத்துக் கொடுத்தார்கள், வேறு காசோலை எழுதினார்கள். அவர்கள் பணம் கணக்கிலேயே பத்திரமாக இருந்தது. காசோலையும் காரணம் குறித்த சீட்டோடுதான் திரும்பிப் போனது. ஓட்டுக்கு அந்தச் சலுகை எல்லா நேரமும் கிடைத்ததில்லை. கலிபோர்னியாவில் 2016 நவம்பரில் தபாலில் வாக்களித்த ஒருவருக்கு, கையெழுத்துப் பொருந்தாததால் அது எண்ணப்படவே இல்லை என்ற சேதி எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் புதிய அதிபர் பதவியேற்று அரை ஆண்டாகிவிட்டது! அவர் வழக்குத் தொடுத்தார். வாக்காளருக்குத் தெரிவிக்காமல் ஓட்டைத் தள்ளுவது செல்லாது என்று 2018-இல் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரே தேர்தலில் அம்மாநிலத்தில் 45,000 ஓட்டுகள் வரை இப்படித் தள்ளப்பட்டிருக்கலாம் என்பது அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு.

கையெழுத்தை ஒப்பிடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? தடய அறிவியல் நிபுணர்கள் அல்லர். சில மணி நேரப் பயிற்சி பெற்ற தேர்தல் அலுவலக ஊழியர்கள். கணினித் திரையில் ஒரு பக்கம் உறையின் கையெழுத்து. மறுபக்கம் பதிவேட்டில் உள்ளது. பதிவேட்டில் உள்ளது பல நேரங்களில் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது ஒரு மின்னணுப் பலகையில் அவசரமாகக் கிறுக்கியது. இப்படிப்பட்ட பயிற்சியில்லாத கண்களின் திறனைச் சோதித்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. உண்மையான கையெழுத்தைப் போலி என்று சாதாரண மக்கள் சொன்னது நூற்றுக்கு 26 முறை. போலியை உண்மை என்று நம்பி ஏமாந்தது ஆறு, ஏழு முறைதான். நிபுணர்களே நல்ல கையெழுத்தை நூற்றுக்கு ஏழு முறை போலி என்றார்கள். கண் தவறுவது இயல்பு. ஆனால் இந்தத் தவறு பெரும்பாலும் யோக்கியர்கள் தலையிலேயே விழுகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

யோக்கியர்களிலும் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. உங்கள் மகனின் மாநிலத்திலேயே அரசுத் தணிக்கையாளர் 2020 பொதுத்தேர்தலை ஆராய்ந்து 2022-இல் அறிக்கை கொடுத்தார். கறுப்பின வாக்காளர்களின் ஓட்டுகள் வெள்ளையரின் ஓட்டுகளைப் போல நான்கு மடங்கு விகிதத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆசிய, இலத்தீன் அமெரிக்க, பூர்வகுடி வாக்காளர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இளைஞர்களின் ஓட்டுகளும் அதிகம் தள்ளப்பட்டன. ஊழியர்கள் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்ததற்கு ஆதாரமில்லை என்றும் அதே அறிக்கை சொல்லியது. ஒருவர் மீதும் குற்றமில்லை, ஓட்டு மட்டும் இல்லை! நெவாடா மாநிலத்தில் தேர்தல்களுக்குப் பொறுப்பான செயலர் பிரான்சிஸ்கோ அகிலர் 2024-இல் சொன்ன விளக்கம் வேடிக்கையானது: இக்காலத்து இளைஞர்களுக்குக் கையெழுத்து என்ற ஒன்றே நிலையாக இல்லையாம். சரி, முதியவர்களுக்காவது நிம்மதி உண்டா? நியூஹாம்ப்ஷயரில் தொண்ணூறைத் தாண்டிய, பார்வை மங்கிய மூதாட்டி ஒருவரின் ஓட்டு இதே காரணத்தால் தள்ளப்பட்டு, வழக்காகி, கூட்டாட்சி நீதிபதி 2018-இல் அந்தச் சட்டப்பிரிவையே நீக்கினார். அதே ஆண்டு புளோரிடாவில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பேட்ரிக் மர்பியின் ஓட்டும் எண்ணப்படவில்லை. காரணம், அதேதான்.

மோசடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. வட கரோலினாவில் 2018-இல் ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் தபால் ஓட்டுச் சீட்டுகளை வீடு வீடாகச் சேகரித்து விளையாடினார்கள். அந்தத் தேர்தலே செல்லாமல் போய் மறுதேர்தல் நடந்தது. ஆனால் பெரிய மோசடி நடந்ததாக நாடே கூச்சலிட்ட ஜார்ஜியாவில், 2020 டிசம்பரில் காப் கவுண்டியின் 15,118 உறைகளை மாநிலப் புலனாய்வுத் துறை உட்கார்ந்து ஒப்பிட்டதே, என்ன கிடைத்தது? மோசடி ஒன்றுகூட இல்லை. குறையுள்ளவை என்று நிறுத்தியிருக்க வேண்டியவை இரண்டு. ஒன்றில் வாக்காளரின் வாழ்க்கைத்துணை கையெழுத்திட்டிருந்தார். மற்றதில் வாக்காளரே இடம் மாறிக் கையெழுத்திட்டிருந்தார்.

கையெழுத்து மட்டும் போதாது, எண்ணும் கேட்கலாமே என்று டெக்சாஸ் 2021-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ உறையில் எழுத வேண்டும். அது பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் சோதனை 2022 மார்ச்சில். 24,000-க்கும் மேற்பட்ட ஓட்டுகள், அதாவது வந்த தபால் ஓட்டுகளில் எட்டில் ஒன்று, குப்பைக்குப் போயின. பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தபோது எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே கையெழுத்தை ஒப்பிடுவதில்லை, சான்றொப்பம் கேட்கிறோம். 2016-இல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். அந்தத் தொகுதியில் 203 தபால் ஓட்டுகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியருக்கு அந்தத் தகுதி கிடையாது என்பது காரணம். அவற்றையும் சேர்த்து எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே 2021-இல் முடிந்துவிட்டது.

ஆகவே கையெழுத்துப் பார்ப்பதா வேண்டாமா என்று நீங்களும் மகனும் சண்டையிடத் தேவையில்லை. பார்க்கட்டும். பொருந்தவில்லை என்று தோன்றினால், ஓட்டு உயிரோடு இருக்கும்போதே உரியவரிடம் சொல்லட்டும். சரிசெய்ய நாள் கொடுக்கட்டும். அமெரிக்காவில் 2020-இல் ஏறத்தாழ 5.6 லட்சம் தபால் ஓட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒன்றுக்குக் கையெழுத்தே காரணம். மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே என்பார்கள். புளோரிடாவில் 2018-இல் ஒரு செனட் இடத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான்.

உங்கள் மகன் கொடுத்துவைத்தவர். அவருடைய மாநிலம் சொல்லிவிட்டது. கொதிப்பதைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தோடு வந்த படிவத்தில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கவுண்டி முடிவுகளுக்குச் சான்றளிக்கும் நாளுக்கு முந்தைய நாள் வரை அவகாசம் உண்டு. அந்தப் படிவத்தில் இடும் கையெழுத்து இனிவரும் தேர்தல்களுக்கும் மாதிரியாகலாம் என்பதால், வழக்கமாகப் போடுவதையே நிதானமாகப் போடட்டும்.