கோழி கிளறுகிற கிதார்

கேள்வி: அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுகளில் பின்னால் நின்று கிதாரை ‘சிக்கு சிக்கு’ என்று ஒரே மாதிரி உரசிக்கொண்டிருந்தவர் ஜிம்மி நோலன். உருப்படியாக ஒரு சோலோகூட (தனி வாசிப்பு) வாசிக்காதவரைப் போன இதழில் ‘மேதை’ என்று எழுதிவிட்டீர்களே?

பதில்: மேதை என்றுதான் எழுதினேன். மாற்றிக்கொள்ள மாட்டேன். சோலோ வாசிக்கத் தெரியாமல் ஓரமாக நின்றவர் இல்லை அவர். 1934-இல் ஓக்லஹோமா சிட்டியில் பிறந்தவர். ப்ளூஸ் கிதார் கலைஞர் டி-போன் வாக்கரைக் கேட்டுக் கேட்டுக் கிதார் கற்றவர். ஐம்பதுகளில் லாஸ் ஏஞ்சலஸில் தன் பெயரிலேயே ப்ளூஸ் ரெக்கார்டுகள் போட்டார். அப்புறம் ஜானி ஓட்டிஸின் இசைக்குழுவில் வாசித்தார். கம்பியை இழுத்து வளைத்து அழவைக்க அவருக்கு நன்றாகவே வரும். 1965-இல் ஜேம்ஸ் பிரவுனிடம் சேர்ந்ததும் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிதாரைத் தாளவாத்தியமாக்கினார்.

வீட்டில் கிதார் இருந்தால் எடுங்கள். இடது கையால் ஒரு கார்டு, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடி, பிடியுங்கள். ஆனால் அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டிருங்கள். வலது கை ஒரு தட்டுக்குத் ‘தகதிமி’ என்று நாலு முறை, மேலும் கீழுமாக, நிற்காமல் ஓடட்டும். சுரம் வராது. கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி வறட்டு உரசல்தான் கேட்கும். ‘சிக்கன் ஸ்கிராட்ச்’ என்ற பெயர் அதனால்தான். இனி, கார்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் மட்டும் இடது விரல்களைக் கண் இமைக்கும் நேரத்துக்கு அழுத்தி விட்டுவிடுங்கள். வலது கை நிற்கவும் கூடாது, வேகம் கூடவும் கூடாது. இரண்டே நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும். நோலன் இதை இரவுக்கு இரவு மேடையில் செய்தார், அதுவும் தப்பு வாசித்தால் அபராதம் போடுகிற முதலாளியின் கண் முன்னால்.

1970-இல் சம்பளத் தகராறில் குழுவே பிய்த்துக்கொண்டு போனபோது அவரும் போனார். இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, 1983 டிசம்பரில் அட்லாண்டாவில் மாரடைப்பில் போகும்வரை அங்கேயே வாசித்தார். 49 எல்லாம் சாகிற வயதா?

சரி, சோலோ கேட்டீர்கள். ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ போட்டுக் கேளுங்கள். 1965-இல் அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. பாடும் வரிகள் முடிகிற இடத்தில் மொத்த பேண்டும் சட்டென்று நின்றுவிடும். கிதார் மட்டும் ஒரே கார்டைப் படபடவென்று அடிக்கும். இரண்டு நொடிதான். அங்கே தனியாக நிற்பவர் நோலன்.